முதலில் அறை, பிறகு அம்பிளிபயர்: கொழும்பு வீட்டுக்கு ஏற்ற ஸ்டீரியோ

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அம்பிளிபயர் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் “எத்தனை வாட்?” என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் முடிவெடுக்க வேண்டியது ஒன்று உண்டு: செற் எந்த அறையில் இருக்கப்போகிறது? வெள்ளவத்தைத் தொடர்மாடியின் சின்ன ஹோலில் கணீரென்று ஒலிக்கும் செற், கொட்டாஞ்சேனைப் பழைய வீட்டின் உயர்ந்த கூரைக்குக் கீழே மெலிந்துபோகும். ஆகவே அறை, ஸ்பீக்கர், அம்பிளிபயர், பாட்டு வரும் கருவி என்ற வரிசையிலேயே பார்ப்போம்.

ஸ்பீக்கர்: சிறிதா, பெரிதா?

கையிலுள்ள காசில் ஏறத்தாழப் பாதியை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். ஒலியின் குணத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை ஸ்பீக்கரும் அறையும்தான். நல்ல இரண்டு அம்பிளிபயர்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம் அதைவிடச் சிறியது.

தொடர்மாடியில் பேஸ் ஒலி கொங்கிறீற்றுத் தளம் வழியாகக் கீழ்வீட்டுக்கும் இறங்கும். அங்கே 5 அல்லது 6 அங்குல வூஃபர் உள்ள சிறிய ஸ்பீக்கர்களை, அடியில் ரப்பர் வைத்து, ஸ்டாண்டில் நிறுத்துவது நல்லது. சப்வூஃபர் வேண்டாம். பின்பக்கம் துவாரமுள்ள பெட்டியைச் சுவரோடு ஒட்டினால் பேஸ் வீங்கிப் பாடகரின் குரலை மூடும். ஓர் அடியாவது இடைவெளி விடுங்கள். அதற்கும் இடமில்லாவிட்டால் துவாரமே இல்லாத மூடிய பெட்டியை வாங்குங்கள்.

கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில் தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கருக்கு வேலை இருக்கிறது. ஆனால் வெறும் சீமெந்துத் தரையும் வெற்றுச் சுவரும் எதிரொலிக்கும். ஒரு கம்பளமும் கனமான யன்னல் திரையும், விலை கூடிய வயர் எதுவும் தராத முன்னேற்றத்தைத் தரும்.

வூஃபரைச் சுற்றியுள்ள விளிம்பையும் பாருங்கள். ஸ்பொஞ்ச் விளிம்பு நம் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் காலப்போக்கில் பொடிந்து உதிரும். ரப்பர் விளிம்பு நெடுநாள் நிற்கும்.

வாட் கணக்கு

ஸ்பீக்கரின் பின்னால் 87 டெசிபல் என்று எழுதியிருந்தால், ஒரு வாட் கொடுக்கும்போது ஒரு மீற்றர் தூரத்தில் அவ்வளவு சத்தம் வரும் என்று பொருள். வாட் இரட்டிப்பானால் கூடுவது வெறும் 3 டெசிபல். 84 டெசிபல் ஸ்பீக்கரிலிருந்து 90 டெசிபல் ஸ்பீக்கரின் சத்தத்தைப் பெற நான்கு மடங்கு வாட் தேவை. சின்ன ஹோலில் சாதாரணமாகக் கேட்கும்போது சில வாட்தான் செலவாகும். தவில் வெடிக்கும் கணங்களுக்குக் கையிருப்பாக 30 முதல் 50 வாட் இருந்தால் தாராளம். பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சடித்த பிஎம்பிஓ (கணநேர உச்ச) எண்ணை மறந்துவிட்டு ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் வாட்) எண்ணைக் கேளுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் அம்பிளிபயருக்குச் சுமை குறைந்தது. 4 ஓம் என்றால், அம்பிளிபயர் அதைத் தாங்கும் என்று அதன் பின்பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.

புதியதா, ஜப்பான் பழையதா?

புதிய கிளாஸ் டி அம்பிளிபயர் உள்ளங்கையளவு இருக்கும். சூடு குறைவு, மின்சாரச் செலவும் குறைவு. தொடர்மாடிக்கு அது போதும். ஜப்பானில் பாவித்து இங்கே வரும் பழைய அம்பிளிபயரில் கனத்த ட்ரான்ஸ்போமரும் உறுதியான கட்டமைப்பும் இருக்கும். ஆனால் ஜப்பானிலிருந்து வரும் பழைய கருவிகளில் மூன்று பொறிகள் உண்டு.

ஒன்று, ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. நேரே சொருகினால் எரிந்துவிடும். 110 வோல்ட் ட்ரான்ஸ்போமரும் கொஞ்சம் கூடுதல்தான். 100 வோல்ட் தருவதையே கேட்டு வாங்குங்கள். அம்பிளிபயரின் பின்னால் 150 வாட் என்றிருந்தால் ட்ரான்ஸ்போமர் 300 வாட் அளவில் இருக்கட்டும்.

இரண்டு, பழைய ஜப்பானிய எஃப்எம் டியூனர்கள் 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரைக்குமானவை. நமது சூரியன், சக்தி, தென்றல் வானொலிகள் எல்லாம் 100க்கு மேலே ஒலிப்பவை. அந்த டியூனரில் அவை கிடைக்கா.

மூன்று, ஜப்பானின் மேற்குப் பகுதியில் மின்சாரம் 60 ஹேட்ஸ். அதற்கென்றே செய்த பழைய ரெக்கோட் பிளேயர்களில் சில, நமது 50 ஹேட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும். பாடகர் யாரென்று அடையாளம் தெரியாது.

பாட்டு எங்கிருந்து?

போனும் புளூடூத்தும் மலிவான வழி. கொஞ்சம் கூடக் காசு போட்டு யூஎஸ்பி டாக் (டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) ஒன்று வாங்கிப் போனை வயரால் இணைத்தால் ஒலி தெளியும். வீட்டில் சீடி அடுக்குகள் இருந்தால் பழைய சீடி பிளேயர் இன்றும் நல்ல தெரிவு. 16 பிட், 44.1 கிலோஹேட்ஸ் தரம் காதுக்குக் குறைவில்லை. ரெக்கோட் பிளேயர் வாங்குகிறவர்கள் ஃபோனோ பிரிஅம்ப்புக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். முள்ளிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதை ஓக்ஸில் சொருகினால் பேஸ் இல்லாத முணுமுணுப்பே கேட்கும்.

கேட்கும் பாட்டையும் எண்ணிப்பாருங்கள். விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்துப் பாடல்கள் மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான். அவற்றை விரும்புகிறவருக்குக் குரல் இயல்பாக வரும் ஸ்பீக்கர் முக்கியம். 1978இல் வந்த ‘ப்ரியா’ முதலான இளையராஜாவின் ஸ்டீரியோப் பதிவுகளுக்கு, இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் கதிரையும் சம முக்கோணமாக அமைய வேண்டும். ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும்.

முடிவாக

வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கு: புதிய சிறிய கிளாஸ் டி அம்பிளிபயர், ரப்பர் விளிம்புள்ள சிறிய ஸ்பீக்கர், ஒரு டாக். கொட்டாஞ்சேனைப் பழைய வீட்டுக்கு: பழைய ஜப்பான் அம்பிளிபயர், 100 வோல்ட் ட்ரான்ஸ்போமர், தரை ஸ்பீக்கர், ஒரு கம்பளம். ரெக்கோட் பிளேயர்: இசைத்தட்டுகள் ஏற்கெனவே வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்.

கடைக்குப் போகும்போது நன்கு பழகிய பாட்டு ஒன்றையும் நாதஸ்வர–தவில் பதிவு ஒன்றையும் போனில் கொண்டுபோங்கள். தவிலின் அடி கலங்காமல், நாதஸ்வரம் காதைக் கிழிக்காமல் வந்தால் மாத்திரம் காசை எடுங்கள்.