பொது இணைப்பு, தனி வலை

ஒரே கட்டடத்தில் நான்கு கடைகள் சேர்ந்து ஒரு பிராட்பேண்ட் இணைப்பு எடுத்து, மாதக் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்வது வழக்கம்தான். செலவு குறையும், அதில் தவறில்லை. ஆனால் இணைப்போடு சேர்த்து நம் கணினிகளையும் பொதுவாக்கிவிடக் கூடாது.

எல்லாக் கடைகளின் கேபிளும் ஒரே ரவுட்டரில் செருகப்பட்டால், பொதுவாக எல்லாக் கணினிகளும் ஒரே வலைக்குள் வந்துவிடும். நீங்கள் ‘ஷேர்’ செய்த ஃபோல்டரும் பிரிண்டரும் பக்கத்துக் கடைக் கணினியில் தெரியக்கூடும். ஒன்றில் வைரஸ் புகுந்தால் மற்றவற்றுக்கும் பரவ வழி உண்டு. வாடிக்கையாளர் நம்பித் தந்த ஆதார் நகல், வங்கி விவரம் எல்லாம் நம்மிடம் உள்ள அமானிதம். அதைத் திறந்த வாசலில் வைக்கலாமா?

தீர்வு எளிது. உங்கள் அலுவலகத்துக்கென்று தனி ரவுட்டர் வாங்குங்கள்.

1. பொது ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை உங்கள் ரவுட்டரின் ‘வான்’ துளையில் செருகுங்கள். ‘லேன்’ துளையில் செருகினால் வலை பிரியாது.

2. பொது ரவுட்டர் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைத் தந்தால், உங்களுடையதை 192.168.50 என்று மாற்றுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் இணையம் தடுமாறும்.

3. ரவுட்டரோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபைக்கு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தேர்ந்தெடுத்து, நீளமான பாஸ்வேர்டு வையுங்கள்.

4. வந்து போவோருக்கு ‘கெஸ்ட்’ வைஃபை மட்டும் கொடுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். ரவுட்டர் ஒருவழிக் கதவு போன்றது. உள்ளிருப்பவர் வெளியே போகலாம். வெளியிலிருந்து கேளாமல் வருவதை அது உள்ளே விடாது. பொது ரவுட்டர் உங்கள் கடையில் இருந்து, பக்கத்துக் கடைக்காரர் மட்டும் தனி ரவுட்டர் போட்டுக்கொண்டால், பாதுகாப்பு அவருக்குத்தான். அவர் கணினியிலிருந்து உங்கள் கணினியை எட்ட முடியும். எனவே ஒவ்வொரு கடைக்கும் தனி ரவுட்டர் இருப்பதே முறை.

தனி ரவுட்டர் போட்டாலும், நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதைப் பொது ரவுட்டரை வைத்திருப்பவர் அறிய முடியும். முகவரி எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்கினால், அங்கே தட்டச்சு செய்வதை அவர் படிக்க முடியாது. பிரவுசர் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால் அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

வேலை முடிந்ததும் ஒரு மடிக்கணினியைப் பொது ரவுட்டரில் இணைத்து, உங்கள் பிரிண்டரின் முகவரியைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறது.