டயரின் பற்று

பற்று என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ் மாணவர் நினைவுக்கு வருவது துறவு என்னும் அதிகாரம். பற்றினை விடுக என்பது வள்ளுவர் கருத்து. மோட்டார் சைக்கிள் ஊர்பவனோ அதனை ஒரு கணமும் விடலாகாது. அவன் வண்டி நிலத்தைத் தொடுவது இரண்டே இடங்களில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவினதே. விரைதல், நிற்றல், வளைதல் யாவும் அவ்விரண்டு இடங்களின் பொறுப்பு. அங்ஙனமாகப் பந்தயத் தடத்திற் சிறந்து விளங்கும் டயர் வீதியில் தவறுவது ஏன் என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

ரப்பர் இருவகையாற் பற்றுகின்றது. ஒன்று, அதன் மூலக்கூறுகள் சாலைக் கற்களை அணுகி ஒட்டிப் பிரிதல். மற்றொன்று சற்றே நுட்பமானது. கற்களின் முனைகள் அழுத்த ரப்பர் குழிகின்றது. குழிந்தது மீண்டும் தன் உருவத்தைப் பெறச் சிறிது தாமதிக்கின்றது. அத்தாமதத்தால் ஆற்றலில் ஒரு பகுதி உஷ்ணமாய்க் கழிகின்றது. அவ்விழப்பே வழுக்கலைத் தடுக்கும் விசையாகின்றது. இடையே நீர்ப்படலம் புகுமாயின் முன்னது பெரிதும் கெடும். பின்னது ஓரளவு எஞ்சும். இவ்விரண்டும் நிகழ வேண்டுமாயின், கற்களின் இடுக்குகளுள் இறங்கத்தக்க மென்மை ரப்பருக்கு வேண்டும். குளிர்ந்த ரப்பர் விறைக்கும். அளவு கடந்து காய்ந்த ரப்பர் சிதையும். ஆதலின் ஒவ்வொரு டயருக்கும் தனக்குரிய உஷ்ணநிலை ஒன்று உண்டு. அதனைவிட்டு நீங்கிய டயர், விலை எத்துணை உயர்ந்ததாயினும், பயன்படாது.

பந்தய டயருக்கு அந்நிலை ஏறக்குறைய 100 டிகிரி சென்டிகிரேட். அதில் வரிப்பள்ளங்கள் இல்லை; முழுப்பரப்பும் தரையிற் படிதற்பொருட்டு வழவழப்பாக வார்த்துள்ளனர். பந்தயம் தொடங்குமுன் மின்சாரக் கம்பளியாற் போர்த்து அதனைச் சூடேற்றுவர். வளைவில் 45 பாகை சாய்ந்து செல்லும் வண்டியின் மேல் நேரும் பக்கவிசை, அதன் எடைக்கு ஏறக்குறையச் சமம். உலகப் பந்தய வீரர்களோ 60 பாகைக்கு மேலும் சாய்கின்றனர். அத்துணை வேகமும் அழுத்தமும் இடையறாது இருந்தாலன்றி அந்த உஷ்ணம் நிலைப்பதில்லை.

பற்று மிகினும் கேடே என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2013ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவுத் தடத்திற்குப் புதிய தார்ப்பரப்பு இடப்பட்டிருந்தது. அது டயரை இறுகப் பற்றியது. அதனால் உஷ்ணம் எல்லை கடந்து, பிரிட்ஜ்ஸ்டோன் டயர்கள் முழுத்தூரமும் தாங்கமாட்டா என்பது பயிற்சியிலேயே தெரிந்தது. 27 சுற்றுகளாக இருந்த மோட்டோ ஜிபி பந்தயத்தை 19ஆகக் குறைத்து, எந்த டயரும் 10 சுற்றுக்கு மேல் ஓடலாகாது என்றும், ஒவ்வொருவரும் இடையில் வண்டி மாற்றவேண்டும் என்றும் விதித்தனர். மார்க் மார்க்கெஸ் ஒரு சுற்றுத் தாமதித்து வந்தமையால் விலக்கப்பட்டார். வென்றவர் ஹோர்ஹே லொரென்சோ. ஆயினும் அவ்வாண்டின் பட்டம், நான்கே புள்ளி வேறுபாட்டில், மார்க்கெஸையே சேர்ந்தது.

நிற்க. வீதி டயரின் நிலை வேறு. அது விடியற்குளிரிற் புறப்படவேண்டும். கடைவீதியில் ஊர்ந்து செல்லவேண்டும். மழையில் நீரைப் பள்ளங்கள் வழியே வெளித்தள்ளவேண்டும். பல்லாயிரம் கிலோமீட்டர் தேயாது உழைக்கவேண்டும். இதன்பொருட்டே அதன் ரப்பரிற் சிலிக்கா சேர்க்கின்றனர். அது குளிரிலும் ஈரத்திலும் பற்றைக் காக்கும். சில டயர்களில் நடுப்பகுதியைக் கடினமாகவும், வளைவிற்குரிய ஓரங்களை மென்மையாகவும் அமைக்கின்றனர். வெதுவெதுப்பாயிருந்ததற்காக லவோதிக்கேயா சபை கடிந்துகொள்ளப்பட்டது. வீதி டயரோ வெதுவெதுப்பிற்கென்றே படைக்கப்பட்டது.

இவ்வேறுபாட்டை நான் கற்றது நூலால் அன்று. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்திற் பந்தயங்களைக் கண்டு ஆசை மிகுந்த என் தமையனார், பந்தயத்தில் ஓடிக் கழிந்த மென்ரப்பர் டயர்களை வாங்கித் தம் வண்டியிற் பூட்டினார். சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை, கொடைக்கானல் மலைப்பாதையின் மூன்றாம் வளைவில், மிதமான வேகத்திலேயே முன்சக்கரம் வழுக்கிற்று. காறையெலும்பு முறிந்தது. சாலை உலர்ந்தே இருந்தது, மணலும் இல்லை. டயர் குளிர்ந்திருந்தது, அவ்வளவே.

அவர் வளைவினூடே பிரேக்கையும் சிறிது பிடித்ததாகச் சொன்னார். இதனையும் கருதவேண்டும். டயரின் பற்று ஒரே முதல். வளைவுக்கும் பிரேக்குக்கும் அதிலிருந்தே செலவு செய்யவேண்டும். பற்றில் நூற்றுக்கு 80 பங்கு வளைவுக்குச் சென்றால், பிரேக்குக்கு எஞ்சுவது 20 அன்று, 60. பைதகோரஸ் கணக்கே இங்கும் செல்லும். முதலே குறைந்திருக்கும்போது அந்தக் கணக்கும் உதவாது.

காற்றழுத்தத்திலும் பந்தயக்காரரைப் பின்பற்றலாகாது. அவர் குளிர்ந்தபோது குறைவாக அடைப்பது, சூடேறியபின் அழுத்தம் உயரும் என்பதை எண்ணியே. வீதியில் வண்டி செய்தோர் குறித்த அளவே தக்கது. புதிய டயரின் மேற்பரப்பு முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வரை வழுவழுப்பாகவே இருக்கும். பழையதோ நாட்பட இறுகும். அதன் பக்கத்திற் பொறித்த நான்கு இலக்கங்கள் பிறந்த வாரத்தையும் ஆண்டையும் உரைக்கும். 2319 எனின், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். கோடைக்குப்பின் வரும் முதல் மழை, சாலையிற் படிந்த எண்ணெயையும் புழுதியையும் குழைத்துப் பூசுவதால், நெடுமழையினும் கொடியது.

தமையனார் இப்பொழுது சாதாரண டயரிலேயே மலையேறுகின்றார். அடிவாரத்திலிருந்து சில மைல் மெல்லச் சென்று, ஒரு தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தி, டயரின் ஓரத்தைக் கையால் தொட்டுப் பார்த்தபின்னரே மேலே செல்கின்றார்.