தொட்டிச் செடி வாடினால்...? – ஒரு ஃபால்ட் ஃபைண்டிங்



லேபில் ஒரு போர்டு வேலை செய்யவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? எடுத்தவுடனே ஐ.சி.யைக் கழற்றுவோமா? மாட்டோம். முதலில் சப்ளை வருகிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்போம். பிறகு ஃபியூஸ், பிறகு இன்புட், கடைசியில்தான் ஐ.சி. ஆனால் வீட்டு மீன் தொட்டியில் செடி மஞ்சளானபோது, எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற நானே இந்தப் பாடத்தை மறந்துவிட்டேன். அதற்கு விலை கொடுத்தவை ஐந்து மீன்கள். அந்தக் கதையையும், பிறகு நான் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

எங்கள் ஊர் சாணார்பட்டி. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற ரோட்டில் இருக்கிறது. என் தங்கச்சி உண்டியல் காசைச் சேர்த்து ஒரு தொட்டி வாங்கினாள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். சுமார் 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கப்பியும் மோலியுமாக எட்டு மீன். கபோம்பா நாலு கொத்து, அமேசான் ஸ்வார்டு இரண்டு. அழகுக்காக நீலக் கலர் எல்.இ.டி. பட்டை ஒன்றை மாட்டினேன். ஓடையில் பொறுக்கிய வெள்ளைக் கற்களை அடியில் அடுக்கினேன்.

மூன்றே வாரத்தில் கபோம்பா பழுப்பாகி உதிர்ந்தது. ஸ்வார்டில் புதிதாக வந்த இலை வெளிறிப் போனது. "அண்ணே, செடிக்குச் சத்து பத்தலண்ணே, ஏதாச்சும் போடுண்ணே" என்றாள் தங்கச்சி. வீட்டில் யூரியா மூட்டை இருந்தது. வயலில் போட்டால் பச்சை கட்டுகிறதே என்று ஒரு டீஸ்பூன் அள்ளிப் போட்டேன். மூன்றாம் நாள் காலையில், "அண்ணே, மீனெல்லாம் ஏண்ணே மேலேயே நிக்குது?" என்று கேட்டாள். மத்தியானத்துக்குள் ஐந்து செத்துவிட்டன. அவள் என்னோடு இரண்டு நாள் பேசவே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். 5 கிராம் யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது 2.3 கிராம். 50 லிட்டரில் கரைந்தால் லிட்டருக்கு 46 மில்லிகிராம். யூரியாவைத் தண்ணீரில் உள்ள பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. இதில் அம்மோனியம் அயனியாக இருக்கும் பங்கு அவ்வளவு கெடுதல் இல்லை. தனி அம்மோனியாவாக இருக்கும் பங்குதான் விஷம். 28 டிகிரி சூட்டில், பி.எச். 7 உள்ள தண்ணீரில் இந்த விஷப் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் நூற்றில் ஆறுக்கு மேல்! நம் பக்கத்து போர் தண்ணீரில் யூரியா போடுவது மீனுக்கு விஷம் வைப்பதேதான்.

அன்று சாயங்காலம் அப்பா தொட்டியைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏப்பா, மஞ்சளானது அடி இலையா, கொழுந்தா? கடலையில கொழுந்து வெளுத்தா யூரியாவா போடுவோம்? அன்னபேதிதான அடிப்போம்?" பாலிடெக்னிக் படிக்கிற நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகுதான் வரிசையாகச் சோதிக்க ஆரம்பித்தேன்.

1. முதலில் சப்ளை – அதாவது வெளிச்சம்

செடிக்கு சப்ளை வெளிச்சம்தான். என் நீலப் பட்டை கண்ணுக்கு அழகு, செடிக்குப் பட்டினி. வெளிச்சம் குறைந்தால் தண்டு நெட்டையாக மேலே ஓடும், இலைக்கும் இலைக்கும் இடைவெளி அதிகமாகும், அடி இலைகள் உதிரும். அதிகமானால் கண்ணாடியிலும் இலையிலும் பாசி படியும். இப்போது 10 வாட் வெள்ளை எல்.இ.டி. ஒன்று மாட்டியிருக்கிறேன். நாள்தோறும் 7 அல்லது 8 மணி நேரம் போதும். ஒரு டைமர் வைத்துவிட்டால் மறதிக்கு இடமில்லை. ஜன்னல் வெயில் நேராக விழும்படி தொட்டியை வைக்காதீர்கள். பாசியும் வரும், சித்திரை வெயிலில் தண்ணீரும் சூடாகும்.

2. அடுத்தது தண்ணீர்

முதலாம் ஆண்டு கெமிஸ்ட்ரி லேபில் கடினத்தன்மை பார்த்தோமே, ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன், அது எதற்கு என்று அப்போது சலித்துக்கொண்டவன் நான். எங்கள் போர் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் தனித்தனி பாட்டிலில் கொண்டுபோய்ச் செய்து பார்த்தேன். ஒயின் சிவப்பு நீலமாக மாறுவதற்குத் தொட்டித் தண்ணீர் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஈ.டி.டி.ஏ. குடித்தது! கடினத்தன்மை எங்கிருந்து ஏறியது? அந்த வெள்ளைக் கல்தான். மேலே எலுமிச்சைச் சாறு விட்டேன், நுரைத்தது. அது சுக்கான் கல், அதாவது கால்சியம் கார்பனேட். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருந்திருக்கிறது. தொட்டிக்குள் எந்தக் கல்லைப் போடும் முன்பும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சிப்பியும் சங்கும்கூட இதே வேலையைத்தான் செய்யும்.

கடினநீரில் செடிக்கு என்ன கஷ்டம்? செடி உணவு தயாரிக்க கார்பன் வேண்டும். பி.எச். 8 உள்ள நீரில் கரைந்திருக்கும் கார்பனில் நூற்றில் இரண்டு பங்குதான் கார்பன் டை ஆக்சைடாக இருக்கும். மீதி அநேகமாக பைகார்பனேட். கபோம்பாவுக்கு பைகார்பனேட்டை எடுக்கத் தெரியாது. கண்ணெதிரே கார்பன் இருந்தும் பட்டினி கிடக்கும். ஆனால் ஹைட்ரில்லாவுக்கும் (நம் ஊர் வேலம்பாசி) வாலிஸ்னேரியாவுக்கும் அதை எடுக்கத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஹைட்ரில்லாவைப் புனலுக்குள் வைத்து, தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போட்டு, ஆக்சிஜன் குமிழி பார்த்தோமே, நினைவிருக்கிறதா? அந்த ஆப்பச்சோடா சோடியம் பைகார்பனேட்தான். அதே சூட்சுமம்தான் இது.

எனவே இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலப்பது. (முழுக்க ஆர்.ஓ. ஊற்றக் கூடாது, அதில் எந்தச் சத்தும் இராது. மாற்றுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யவேண்டும்.) இன்னொன்று, நம் தண்ணீருக்கு ஏற்ற செடியை வைப்பது. செலவில்லாத வழி இரண்டாவதுதான். குடிநீர்க் குழாய்த் தண்ணீர் பிடிப்பவர்கள் அதை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்து, குளோரின் போன பிறகு ஊற்றுங்கள்.

3. நட்ட விதம்

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ஆகியவற்றின் கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டி விடுங்கள். அமேசான் ஸ்வார்டு, கிரிப்டோகோரைன் போன்றவற்றைப் பல பண்ணைகளில் தண்ணீருக்கு வெளியேதான் வளர்க்கிறார்கள். தொட்டிக்குள் வந்ததும் பழைய இலைகள் கரைந்துபோகும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள். வேர் உறுதியாக இருந்தால் மூன்று நான்கு வாரம் பொறுத்துப் பாருங்கள், புதுத் துளிர் வரும்.

அழுகும் இலையை உடனே கிள்ளி எடுங்கள். இது இன்று நேற்றுப் பிரச்சினை அல்ல. 1849-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியாவையும் வைத்து, ஒன்றுக்கொன்று துணையாக வாழுமா என்று சோதித்தார். கொஞ்ச நாளில் வாடிய இலைகள் அழுகி, தண்ணீர் கலங்கி, பாசி பிடித்தது. அவர் மருந்து எதையும் கொட்டவில்லை. என்ன கெடுகிறது என்று கவனித்து, அழுகலைத் தின்னும் நத்தைகளை விட்டார். தொட்டி தெளிந்தது. அந்தச் சோதனையை 1850-ல் வெளியிட்டார். எனக்குப் பாடம் சொல்ல அவரும் இருந்தார், அப்பாவும் இருந்தார்.

4. கடைசியில்தான் சத்து

மேலே சொன்ன மூன்றும் சரியாக இருந்தும் செடி தேறவில்லை என்றால் இலையைப் படியுங்கள். சில சத்துகளைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பும், சிலவற்றை நகர்த்த முடியாது. அப்பா கேட்ட கேள்வியின் ரகசியம் இதுதான்.

அடி இலை முழுதும் மஞ்சள் – நைட்ரஜன் குறைவு.
அடி இலையில் ஊசித் துளைகள், ஓரம் காய்தல் – பொட்டாசியம் குறைவு.
அடி இலையில் நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள் – மக்னீசியம் குறைவு.
கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சை – இரும்பு குறைவு.
இலையில் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு – நோய் அல்ல. செடி பைகார்பனேட்டை எடுத்ததன் அடையாளம்.

மீன் தீவனமும் கழிவும் நைட்ரஜனைத் தந்துவிடும். குறைவது பெரும்பாலும் பொட்டாசியமும் இரும்பும்தான். என் ஸ்வார்டுக்கு இருந்தது இரும்புக் குறை. காரத் தண்ணீரில் இரும்பு துருவாகப் படிந்துவிடும், செடிக்கு எட்டாது. அதற்காக அன்னபேதியைத் தொட்டியில் கொட்டாதீர்கள். மீன்தொட்டிக்கென்றே விற்கும் உரத்தில், டி.டி.பி.ஏ. உடன் பிணைத்த இரும்பு உள்ளதாகப் பார்த்து, சொன்ன அளவில் பாதி போட்டு ஆரம்பியுங்கள். யூரியா, அம்மோனியம் சேர்ந்த எதையும் போடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை

கழித்த செடியைக் குளத்திலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். 2020-ல் கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் வாய்க்கால் முழுக்க இளஞ்சிவப்புப் பூ பூத்து, பார்க்கக் கூட்டம் கூடியது. பூத்தது தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வகை கபோம்பா. அழகுக்காகக் கொண்டுவந்த வெங்காயத்தாமரை நம் குளங்களை என்ன பாடு படுத்துகிறது என்று சொல்லவேண்டியதில்லை. காயவைத்து எருக்குழியில் போட்டுவிடுங்கள்.

முடிவாக...

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். இரண்டு வாரம் பொறுங்கள். தேதியோடு நோட்டில் எழுதுங்கள். கெட்ட இலை மறுபடி பச்சையாகாது, புது இலையைத்தான் பார்க்கவேண்டும்.

எங்கள் தொட்டியில் இப்போது கல் இல்லை, நீல விளக்கும் இல்லை. வாலிஸ்னேரியா மேல்மட்டம் வரை வளர்ந்து படுத்திருக்கிறது. மிஞ்சிய மூன்று மீனும் குட்டி போட்டுப் பெருகிவிட்டன. நோட்டு தங்கச்சி கையில்தான் இருக்கிறது. நான் தொட்டிப் பக்கம் கையைக் கொண்டுபோனாலே, "அண்ணே, முதல்ல என்னன்னு பாத்துட்டுப் போடுண்ணே" என்கிறாள். நண்பர்களே, இதைவிடச் சுருக்கமாக எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

– மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் மாணவன், சாணார்பட்டி