கணக்கைச் சேமிக்கக் கணினி மறுத்தால்

சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்பவராயினும், இராஜபாளையத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவராயினும், ஸ்ரீவில்லிபுத்தூரில் கறவை மாடு வளர்ப்பவராயினும், தம் வரவுசெலவைத் தாமே எழுதி வைத்தல் நன்று. கூலியிலோ கடன் பாக்கியிலோ வேறுபாடு நேர்ந்தால், சங்கப் பேரேட்டுடன் ஒப்பிட அங்கத்தினர் கையிலிருப்பது அக்கணக்கே. வீட்டுக் கணினியில் அதனை எழுதுவோருக்கு ஓர் இடையூறு நேர்வதுண்டு. எழுதி முடித்துச் சேமிக்கும் வேளையில், 'இவ்விடத்தில் சேமிக்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்னும் அறிவிப்பு திரையில் தோன்றும். கணினி பழுதென்று கருதிக் கோப்பை மூடிவிட்டால் அன்றைய உழைப்பு வீணாகும். ஆதலின் முதலில் 'டாக்குமெண்ட்ஸ்' கோப்புறையிலோ, அங்கும் மறுக்கப்பட்டால் பென் டிரைவிலோ சேமித்துக்கொள்க. காரணத்தைப் பின்னர் ஆராயலாம்.

1993-ஆம் ஆண்டு விண்டோஸ் என்.டி.யுடன் வந்த கோப்பு முறையே இன்றும் விண்டோஸ் கணினிகளில் வழங்குகிறது. இதில் ஒவ்வொரு கோப்புறைக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. படிக்கத்தக்கவர் யார், எழுதத்தக்கவர் யார் என்னும் பட்டியலும் உண்டு. சங்கத்தில் தம் கணக்கை அங்கத்தினர் பார்வையிடலாம். பதிவு செய்வது சங்க ஊழியரின் பொறுப்பு. இதுவும் அதுபோன்ற ஏற்பாடே.

மறுப்புக்குரிய காரணங்கள் பெரும்பாலும் மூன்று.

1. இடம் பொருந்தாமை. 'சி' வட்டின் முகப்பும், 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையும் கணினியின் சொந்தத் தேவைக்கு உரியவை. அங்கே அனுமதியை மாற்ற முயலாமல், கணக்கை வேறு கோப்புறையில் வைப்பதே முறை.

2. உரிமையாளர் மாறியமை. விண்டோஸை மீண்டும் நிறுவினாலும், பழைய கணினியின் வட்டை இணைத்தாலும் இது நேரும். கணினி பயனரைப் பெயரால் அறிவதில்லை. தான் வழங்கிய ஓர் எண்ணால் அறிகிறது. பெயர் அதுவேயாயினும் எண் வேறாதலால் அவர் அயலாராகிறார். நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, கோப்புறையின் மேல் வலப் பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்', 'செக்யூரிட்டி', 'அட்வான்ஸ்டு' என்று வரிசையாகச் செல்க. 'ஓனர்' என்னுமிடத்தில் தம் கணக்கின் பெயரை அமைத்து, உட்கோப்புகளுக்கும் அது பொருந்துமாறு கட்டத்தில் குறியிடுக. பின்னர்ச் 'செக்யூரிட்டி' பக்கத்துக்குத் திரும்பி, 'எடிட்' வழியே தமக்கு 'மாடிஃபை' அனுமதி அளித்துக்கொள்க.

3. காவல் ஏற்பாடு. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் பறிக்கும் தீநிரல்களைத் தடுக்க, 2017-இல் விண்டோஸ் 10-இல் 'கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்ஸஸ்' சேர்க்கப்பட்டது. இது இயங்கும்போது, அறிமுகமில்லாத நிரல் 'டாக்குமெண்ட்ஸ்' கோப்புறையில் எழுத இயலாது. காவலை நீக்க வேண்டுவதில்லை. 'விண்டோஸ் செக்யூரிட்டி' பகுதியில், நம்பத்தக்க அந்த நிரலுக்கு மட்டும் இசைவு அளித்தால் போதும்.

எளிய வழியென்று சிலர் 'எவ்ரிஒன்' என்பதற்கு 'ஃபுல் கண்ட்ரோல்' அளித்துவிடுவதுண்டு. இது பெட்டகச் சாவியைத் திண்ணையில் வைப்பதற்கு ஒப்பாகும். அதே கணினியில் பிள்ளைகள் தம் கணக்கில் அறியாமல் ஒரு தீநிரலை இயக்கினாலும், பெற்றோரின் கூலிக் கணக்கு முழுதும் அழியக்கூடும். பிள்ளைகளுக்குச் சாதாரணக் கணக்கைத் தனியே அமைத்தலும், வாரம் ஒருமுறை கணக்கின் படியொன்றைப் பென் டிரைவில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வைத்தலும் நலம்.

அனுமதி வேண்டுவோர்க்கு, வேண்டுமளவே வழங்குக. சங்கப் பெட்டகத்தைக் காக்கும் நெறி வீட்டுக் கணினிக்கும் பொருந்தும்.