நகையும் நீதியும்

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவர் சிலருக்கு ஆங்கிலேயரின் பழைய திரைப்படம் ஒன்றைக் காட்டினோம். இளைஞன் ஒருவன் பிரபுப் பட்டத்தை அடைதற்பொருட்டுத் தன் உறவினரை ஒருவர்பின் ஒருவராகக் கொல்லும் கதை அது. மண்டபம் நகையொலியால் நிறைந்தது. படம் முடிந்தபின் மாணவன் ஒருவன் மட்டும் என்னை அணுகி, "ஐயா, கொலையைக் கண்டு சிரிப்பது முறையா?" என்று வினவினான். அவன் இல்லத்தில் அகால மரணம் ஒன்று நிகழ்ந்ததை நான் அறிவேன். ஆதலின் உடனே விடை கூற இயலாது நின்றேன். அன்று கூறாத விடையை இம்மலரிலே கூற முயல்கின்றேன்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, நகையை முதலிலும் அழுகையை அதனை அடுத்தும் வைத்தார். நகை தோன்றும் நிலைக்களங்கள் நான்கனுள் எள்ளலும் பேதைமையும் அடங்கும். ஆகவே ஒரு கதை நம்மை நகைக்கச் செய்யும்போது, 'எதனைக் கண்டு நகைக்கின்றோம்?' என்று வினவுதல் வேண்டும். வினாவின் முடிச்சு அவிழும் இடம் அதுவே.

மேற்கு இலண்டனிலுள்ள ஈலிங் என்னும் பகுதியில் அமைந்த படப்பிடிப்பு நிலையத்துக்கு 1938 ஆம் ஆண்டில் மைக்கேல் பல்கன் தலைமை ஏற்றார். உலகப்போர் முடிந்தபின் அங்கு எழுந்த நகைச்சுவைப் படங்கள் 'ஈலிங் நகைச்சுவைகள்' எனப் பெயர் பெற்றன. போரில் வென்ற பின்னரும் பிரித்தானிய மக்கள் உணவுப் பங்கீட்டினின்று முற்றாக விடுபட்டது 1954 ஆம் ஆண்டிலேதான். சட்டத்துக்கு அடங்கி வாழ்ந்து சலித்த மக்களின் உள்ளத்தே, அதனை ஒருமுறை மீறிப் பார்த்தால் என்ன என்னும் ஆசை எழுதல் இயல்பு. அவ்வாசையே இப்படங்களின் வித்து எனலாம்.

1949 இல் றொபேட் ஹேமர் நெறிப்படுத்திய 'கைண்ட் ஹாட்ஸ் அன்ட் கொறொனற்ஸ்' என்பதே மாணவர் கண்ட படம். பிரபு குலத்துப் பெண்ணொருத்தி இத்தாலிய இசைவாணன் ஒருவனை மணந்தாள் என்பதற்காக அவள் குடும்பம் அவளைத் தள்ளிவைக்கின்றது. இறந்தபின் குடும்பக் கல்லறையிலும் இடம் மறுக்கின்றது. அவள் மகன் லூயி பழிவாங்கப் புறப்படுகின்றான். அக்குடும்பத்தார் எண்மரையும், அவருள் ஒரு மூதாட்டி உட்பட, அலெக் கின்னஸ் என்னும் ஒரே நடிகர் நடித்தார். இது நடிப்புத் திறனைக் காட்டும் வித்தை மட்டுமன்று. எண்மருக்கும் முகம் ஒன்று என்பதனால், நாம் காண்பது எட்டு மனிதரையன்று, ஒரு குலச்செருக்கையே என்பது புலனாகின்றது. இங்கே நகைக்குக் களம் எள்ளல். அக்குடும்பத்திலும் லூயியிடம் பரிவு காட்டிய முதியவர் அவன் கையாற் சாகவில்லை, நோயினால் இறக்கின்றார். நகைக்கு எல்லை எது என்பதைக் கதை அறிந்திருக்கின்றது.

முடிவும் நோக்கத்தக்கது. தான் செய்யாத கொலைக்காக மரணதண்டனை பெறும் லூயி, செய்த கொலைகளையெல்லாம் சிறையிலிருந்து எழுதுகின்றான். இறுதி வேளையில் விடுதலை கிடைக்கின்றது. சிறைவாயிலைத் தாண்டியபின்னரே, எழுதிய ஏட்டை உள்ளே விட்டுவந்தது நினைவுக்கு வருகின்றது!

1951 இல் சாள்ஸ் கிரைட்டன் நெறிப்படுத்திய 'த லவன்டர் ஹில் மொப்' என்னும் படத்தில், கின்னஸ் ஓர் எளிய வங்கி எழுதுவினைஞர். இருபது ஆண்டுகளாகப் பொற்கட்டிகளுக்குக் காவலாகச் சென்ற நேர்மையாளர் அவர். ஒருநாள் பொன்னைக் கவர்ந்து, உருக்கி, ஈபெல் கோபுரப் பொம்மைகளாக வார்த்துப் பாரிசுக்கு அனுப்புகின்றார். அவற்றுள் ஆறு பொம்மைகள் தவறுதலாக ஆங்கிலப் பள்ளிச் சிறுமியருக்கு விற்கப்படுகின்றன. பெரும் வங்கியை ஏமாற்றியவரின் திட்டம், தன் பொம்மையைத் திருப்பித்தர மறுத்த ஒரு சிறுமியால் குலைகின்றது. இங்கே நகைக்குக் களம் அறிவுடையோனின் பேதைமை.

1955 இல் அலெக்சாண்டர் மக்கென்றிக் நெறிப்படுத்திய 'த லேடிகில்லர்ஸ்' மூன்றாவது. கொள்ளையர் ஐவர், இசைக்குழுவினர் எனப் பொய்யுரைத்து, புகையிரத நிலையத்தருகே தனித்து வாழும் மூதாட்டி ஒருவரின் இல்லத்தில் தங்குகின்றனர். உண்மை வெளிப்பட்டதும் அவரைக் கொல்லச் சீட்டுக் குலுக்குகின்றனர். ஆயின் ஒருவருக்கும் மனமோ கையோ துணியவில்லை. தம்முள் ஒருவரையொருவர் ஐயுற்று மாய்கின்றனர். மூதாட்டியோ நடந்ததொன்றும் அறியாமல், பணத்தை ஒப்படைக்கப் பொலிசாரிடம் செல்கின்றார். அவர்கள் நம்பாமையால் பணம் அவரிடமே தங்கிவிடுகின்றது. இதில் மூதாட்டியாக நடித்தவர் எழுபது வயதைக் கடந்த கேற்றி ஜோன்சன். கொள்ளைத் தலைவராக வந்தவர் மீண்டும் கின்னஸ். சின்னாட்களில் அவர் நம் நாட்டுக்கு வந்து, கித்துள்கலையில் எடுக்கப்பெற்று 1957 இல் வெளியான 'த பிறிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தில் நடித்து ஒஸ்கார் விருது பெற்றமை இங்கு நினைக்கத்தக்கது.

இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்குக. குற்றவாளியை வீழ்த்துவது பொலிசாரின் திறமையன்று. லூயிக்கு அவன் எழுதிய ஏடு. எழுதுவினைஞருக்கு அவர் வார்த்த பொம்மை. ஐவருக்கு அவர்தம் ஐயம். வினை விதைத்தவன் வினை அறுக்கின்றான். நாம் நகைப்பது சாவைக் கண்டன்று. தன் செயலே தனக்குக் கண்ணியாவதை அறியாத செருக்கைக் கண்டே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1950 இல் அதே ஈலிங் நிலையத்தார், பசில் டியடன் நெறியாள்கையில் 'த புளூ லாம்ப்' என்னும் குற்றக்கதையை எடுத்தனர். அதில் ஜோர்ஜ் டிக்சன் என்னும் முதிய கான்ஸ்டபிளை இளங்கள்வன் ஒருவன் சுட்டுக்கொல்கின்றான். அங்கே நகைக்கு இடமேயில்லை. நல்லவன் ஒருவன் இல்லாமற் போனான் என்னும் வெறுமையையே அப்படம் நம்முன் நிறுத்துகின்றது. அதன் கதைவசனம் எழுதிய ரி. ஈ. பி. கிளாக்கே அடுத்த ஆண்டு பொற்கொள்ளைக் கதையையும் எழுதி, அதற்காக ஒஸ்கார் பரிசும் பெற்றார். போர்க்காலத்திற் பொலிஸ் சேவையிலும் இருந்தவர் அவர். அழவைத்த கையே சிரிக்கவும் வைத்தது. எங்கே எது பொருந்தும் என்பதை அக்கை அறிந்திருந்தது.

டிக்சனை மறக்க மக்களுக்கும் மனம் வரவில்லை. 1955 இல் பி.பி.சி. தொலைக்காட்சி 'டிக்சன் ஒவ் டொக் கிறீன்' என்னும் தொடரில் அவரை மீண்டும் உயிரோடு உலாவவிட்டது. அதே நடிகர் ஜாக் வோணர், 1976 இல் தொடர் முடியும்வரை, தம் எண்பதாம் வயதிலும் அவ்வுடை தரித்தார். ஈலிங் நிலையத்தைப் பி.பி.சி. விலைக்கு வாங்கியதும் அதே 1955 ஆம் ஆண்டிலேதான்.

மாணவ, உன் வினாவுக்கு என் விடை இது. கொலையைக் கண்டு சிரித்தல் முறையன்று. செருக்கையும் பேதைமையையும் கண்டு சிரித்தல் முறையே. நல்ல கலைஞன் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவான், அல்லாதவன் கலந்துவிடுவான். அன்று மண்டபத்தில் நீ சிரியாதிருந்தது குறையன்று. அழுகை நகைக்கு அடுத்த வீடு என்பதை நீ எங்களினும் முன்னரே அறிந்திருந்தாய்.