ஆலைச் சங்கு ஓய்ந்தால் அங்காடிக்கு என்ன?



"உலகமயமாக்கல் என்பது ஏற்றுமதிக்காரர்கள் விவகாரம். பருப்பும் புளியும் விற்கும் நமக்கு அதில் என்ன இருக்கிறது?" என்று நம் உறுப்பினர்கள் சிலர் கேட்பதுண்டு. நம் ஊர்ப் பஞ்சாலைகளின் வரலாற்றைக் கவனித்தால் அதற்கு விடை கிடைக்கும்.

நம் ஊர்க் கதை

புதுச்சேரித் துணி பல நாடுகளுக்குக் கப்பல் ஏறிய சரக்கு. அவுரிச் சாயமேற்றிய 'கினி' என்னும் நீலத்துணி 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுக்குப் போனது. அங்கே பிசினுக்குப் பண்டமாற்றாகவே இத்துணி கைமாறியது. ஐரோப்பிய ஆலைகள் அதே மாதிரித் துணியை நெய்து போட்டிக்கு வந்தபோது நம் ஊர் நெசவுக்கு நெருக்கடி வந்தது. உலகப் போட்டி நமக்குப் புதிதல்ல என்பதற்கு இதுவே சான்று.

சவானா ஆலை (பின்னாளில் சுதேசி மில்), பாரதி மில், 1898-இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் (ஏ.எஃப்.டி.) ஆகிய மூன்றும் நகரத்தின் அடுப்பை எரியவைத்தவை. 1936 ஜூலை 30-இல் பிரெஞ்சுக் காவல் படை சுட்டதில் 12 தொழிலாளர்கள் உயிர் துறந்தனர். எட்டு மணி நேர வேலை உரிமை அந்தப் போராட்டத்தின் பயன். 1986-இல் ஏ.எஃப்.டி. ஆலையைப் புதுவை அரசு ஏற்றது. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் அதைச் சேதப்படுத்தியது. 2020 ஏப்ரல் 30-உடன் ஆலை மூடப்பட்டது.

ஆலையில் சம்பளம் போட்ட மறுநாள் முதலியார்பேட்டை மளிகைக் கடைகளில் பழைய பாக்கி வசூலாகும். மொத்த வியாபாரியான எனக்கும் அதன் பிறகுதான் பணம் வரும். சம்பளம் தள்ளிப்போனால் என் பேரேட்டிலும் பாக்கி நீளும். ஆலைக்கும் அரிசி மண்டிக்கும் உள்ள உறவு இதுதான்.

கோட்டா முறை

1974 முதல் 2004 முடிய, எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் அளவு கட்டியிருந்தன. இதை ரேஷன் அட்டை போல எண்ணிக்கொள்ளலாம். மலிவாக விற்பவனும் தன் பங்குக்கு மேல் விற்க முடியாது. விலை கூடியவனுக்கும் ஒரு பங்கு உண்டு. 2005 ஜனவரி 1-இல் இந்த முறை முடிந்தது. அதன்பின் பெரிய அளவில், குறைந்த விலையில், சொன்ன தேதியில் கொடுப்பவனுக்கே சந்தை என்றாயிற்று. சீனா முந்தியது. ஐரோப்பாவில் வரிச் சலுகை பெற்ற வங்காளதேசமும் ஆயத்த ஆடையில் வளர்ந்தது.

பழைய ஆலைகள் தாங்காததற்குக் காரணம் வெளிநாடு மட்டுமல்ல. நூற்பு, நெசவு, சாயம் மூன்றும் ஒரே கூரையின் கீழ், பழைய எந்திரம், நிரந்தரச் செலவு. விசைத்தறிக்காரர் இதே துணியைக் குறைந்த செலவில் நெய்தார். மக்களும் பருத்தியை விட்டு பாலியெஸ்டருக்குப் போனார்கள்.

ஏற்றுமதியில் வரியும் ஒரே நிலையில் நிற்பதில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் கூடுதல் வரி போட்டது. வங்காளதேசத்துக்கு 20 சதவீதம். 10 டாலர் சட்டைக்கு நமக்கு 5 டாலர் சுமை, அவர்களுக்கு 2 டாலர். வரி ஏறும், இறங்கும். இடையில் கைமாறிய ஆர்டர் திரும்பி வருவது சுலபமல்ல. திருப்பூரில் ஆர்டர் குறைந்தால் அங்கே மளிகைக் கடையிலும் கல்லா குறையும்.

நாம் செய்யவேண்டியவை

1. ஒரே வாடிக்கையாளரை நம்பலாகாது. நிலுவைப் புத்தகத்தில் ஒரே தொழிற்சாலைக் குடும்பங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் என்றால் அந்தத் தொழிற்சாலையின் ஆபத்து உங்கள் ஆபத்து.

2. கடனுக்கு எல்லை வையுங்கள். ஒரு மாதச் சம்பளம் வராவிட்டாலும் கடை நடக்கும் அளவுக்கே கடன். வாடிக்கையாளரிடம் அதை முகம் கோணாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

3. சிறு உற்பத்தியாளருக்குக் காலத்தில் பணம் கொடுங்கள். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கிய சரக்குக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள் கெடு. தவறினால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அது வருமான வரியில் செலவாகக் கழியும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் இதுவே விதி. தறிக்காரருக்கு நாம் தாமதிக்கும் பணத்துக்கு அவர் வட்டி கட்டுகிறார்.

4. கைக்கெட்டிய கொள்முதலை விடாதீர்கள். 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பல பிளாஸ்டிக் பொருள்களுக்கு நாடெங்கும் தடை வந்தது. அந்த ஆண்டின் இறுதியிலிருந்து 120 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பைக்கும் தடை. நமக்கு வேண்டிய துணிப்பையை ஊரிலுள்ள தையல்காரர்களிடமே தைக்கச் சொல்லலாம். பத்துக் கடைகள் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால் விலையும் படியும். கூலியாகப் போன பணம் அரிசியாகவும் எண்ணெயாகவும் நம் கடைக்கே திரும்பும்.

உலகச் சந்தையைத் திருத்த நம்மால் ஆகாது. நம் பேரேட்டைத் திருத்த நம்மால் ஆகும். அதை இந்த மாதமே தொடங்குவோம்.