பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லையா?

தோட்டத்தோடு பந்தாட்டமும் சடுகுடுவும் போய்விட்டன, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கைப்பேசி போதும் என்ற புலம்பலை ஈப்போவில் எந்தக் கல்யாண வீட்டிலும் கேட்கலாம். நான் இதை ஏற்பதில்லை. தோட்டத்து விளையாட்டை வளர்த்ததில் ஆர்வத்துக்கு இருந்த அதே பங்கு பால்மரத்துக்கும் உண்டு. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். அதனால் விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பகலோடு பால் நிறுத்து முடிந்துவிடும். சாயங்காலம் அவரவர் கையில். லயத்தைத் தாண்டினால் திடல். பஸ்ஸும் வேண்டாம், வாடகையும் வேண்டாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சனங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தபோது போனது அந்தச் சாயங்காலமும் அந்தக் கிட்டத்துத் திடலும்தான். அப்பாவுக்கு இரவு ஷிப்ட், அம்மா வீடு திரும்பும்போது இருட்டிவிடுகிறது, புட்சால் திடலுக்கு மணிக்கணக்கில் காசு. இதில் பிள்ளையை மட்டும் குற்றம் சொல்வது சோம்பேறித்தனமான தீர்ப்பு.

‘அந்தத் திடலே வெள்ளைக்காரத் துரை போட்ட பிச்சை, கூலிகள் முணுமுணுக்காமல் இருக்கக் கொடுத்தது. அதற்கு என்ன நன்றி?’ என்று கேட்பவர்கள் உண்டு. துரையின் கணக்கு அதுவாகவே இருக்கட்டும். நன்றி துரைக்கு அல்லவே. விடியுமுன்னே எழுந்து மரம் வெட்டிய உடம்போடு புல் செதுக்கி, கோல் கம்பம் நட்டு, பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் பேசி முடித்தவர்களுக்குத்தான் நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கடனைப் பழைய படத்துக்கு மாலை போட்டுத் தீர்க்க முடியாது. முன்மாதிரி நம்மிடமே உண்டு. சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். விலைபோன தோட்டங்களுக்காக அழுவதோடு நிற்காமல், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நிலத்தையே வாங்க வைத்தார். விளையாட்டுக்கும் அந்த மாதிரிச் சின்னத் தொகை, விடாத ஒழுங்கு போதும்.

என் அனுபவத்தில் பயன்படுவது பெரிய கோப்பை அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை பந்தல் போட்டு, பிரமுகருக்காக இரண்டு மணிநேரம் காத்திருந்து, பிள்ளைகளை வெயிலில் வாட்டும் போட்டிகளால் எரிச்சல்தான் மிஞ்சும். வாரத்தில் இரண்டு நாள், ஒரே நேரம், நடந்து போகும் தூரம்: இந்த மூன்றும் அமைந்தால் பிள்ளைகள் தாமாகவே வருகிறார்கள். வரவுசெலவை எல்லாரும் பார்க்கும்படி எழுதி ஒட்டுங்கள். பாதிச் சண்டை குறையும். பெண்பிள்ளைகளுக்கும் அதே நேரம், அதே திடல். தாப்பாவில் பிறந்த மு. ராஜாமணி 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் பெண்கள் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்று ஏறத்தாழ அறுபது ஆண்டு ஆகிறது. இன்னும் நம் போட்டிகளில் பெண்களுக்கு இசை நாற்காலிதான்!

படிப்பு கெடும் என்பது இன்னொரு தடை. வாரத்தில் இரண்டு மணிநேரத்தால் கெடும் படிப்பு, டியூஷனாலும் தேறப்போவதில்லை.

திடலுக்கு எங்கே போவது? மலேசியாவில் தமிழ்ப்பள்ளிகள் அதிகம் உள்ள மாநிலம் நம் பேராக்தான். பல பள்ளிகளின் திடல் மாலையில் பூட்டித்தான் கிடக்கிறது. உங்கள் தாமானுக்குப் பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியரையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் பார்த்து, இரண்டு மாலைக்குச் சாவி கேளுங்கள்.